நெருப்பு தின்ற மலை ஓடையில் ட்ரவுட் சிக்கவில்லையா? அறிகுறி பார்த்து வழி தேடுங்கள்

நியூ மெக்சிகோவின் தென்மேற்கு மூலையில், சில்வர் சிட்டி ஊருக்கு வடக்கே கிலா வனம் இருக்கிறது. ஆல்டோ லியோபோல்டு என்ற வனத்துறை அதிகாரி விடாமல் வாதாடியதால், சாலையும் எஞ்சினும் நுழையக்கூடாத காடு என்று அமெரிக்க வனத்துறை 1924-ல் முதன்முதலாக ஒதுக்கிவைத்த நிலம் இதுதான். இதன் உச்சி ஓடைகளில் கிலா ட்ரவுட் வாழ்கிறது. நியூ மெக்சிகோவிலும் அரிசோனாவிலும் உள்ள சில மலை ஓடைகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் பூர்வீகமாக இல்லாத மீன் அது.

2012 மே மாதம் மின்னல் விழுந்து பற்றிய இரண்டு நெருப்புகள் ஒன்றுசேர்ந்து இங்கே ஏறத்தாழ 2,97,000 ஏக்கரை எரித்தன. வைட்வாட்டர்-பால்டி நெருப்பு என்று அதற்குப் பெயர். 2022-ல் கிழக்கே பிளாக் ரேஞ்ச் மலைத்தொடரில் பற்றிய நெருப்பு 3,25,000 ஏக்கரைத் தொட்டது. நெருப்பில் செத்த மீனைவிட, அதற்குப் பிறகு பெய்த மழையில் செத்த மீன்தான் அதிகம். சரிவில் கிடந்த சாம்பல் அத்தனையும் ஓடைக்கு வந்து, சில ஓடைகளில் கிலா ட்ரவுட் அடியோடு போய்விட்டது. குஞ்சு பொரிப்பகத்தில் வளர்த்த மீன்களைக் கோவேறு கழுதை முதுகிலும் ஹெலிகாப்டரிலும் ஏற்றிக்கொண்டு போய்த் திரும்ப விட்டார்கள். அப்படித் தேறிவரும் ஓடைகளில் தூண்டில் போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மீன் கிடைக்கவில்லை என்றால் எல்லோருடைய கையும் முதலில் ஃப்ளை பெட்டிக்குத்தான், அதாவது பூச்சி போலத் தூண்டில் முள்ளில் கட்டிய பொய் இரைகள் இருக்கும் பெட்டிக்குத்தான் போகிறது. நானும் அப்படித்தான் இருந்தேன். முதல் முறை போனபோது காலை ஆறரையிலிருந்து பகல் இரண்டு மணி வரை ஒரே நானூறு அடி நீளத்தில் நின்று ஏழு ஃப்ளை மாற்றினேன். அந்த நானூறு அடியில் மீனே இல்லை என்பது சாயங்காலம் மேலே ஏறிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. எரிந்த ஓடையில் சோதனை போகவேண்டிய வரிசை வேறு. முதலில் தண்ணீரைப் பாருங்கள். அடுத்தது, அந்த இடத்தில் மீன் இருக்கிறதா என்பது. பிறகு நீங்கள் நிற்கும் இடம், பிறகு லைன், அதாவது தூண்டில் நூல். ஃப்ளை கடைசி. கீழே உள்ள அறிகுறிகளையும் அந்த வரிசையிலேயே வைத்திருக்கிறேன்.

வழியிலேயே மூடியிருக்கிறது என்று பலகை

எரிந்த பகுதிகளை வனத்துறை மாதக்கணக்கில் மூடிவைப்பது உண்டு. பாதை திறந்திருந்தாலும் ஓடையில் மீன்பிடிக்கத் தடை இருக்கலாம், ஓடை திறந்திருந்தும் பாதை இடிந்து கிடக்கலாம். இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். மாநில மீன்பிடி உரிமத்தோடு, கிலா ட்ரவுட் ஓடைகளுக்கென்று காசில்லாமல் தரும் தனி அனுமதிச் சீட்டும் வேண்டும். நியூ மெக்சிகோக்காரர்கள் விதிகளுக்குக்கூட மிளகாய்ப் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். ‘சிவப்பு மிளகாய்’ ஓடை என்றால் பிடித்த மீன் அத்தனையையும் விட்டுவிட வேண்டும். எந்த ஓடைக்கு எந்த விதி என்பது மாறிக்கொண்டே இருக்கும். போன வருஷத்து ஞாபகத்தை நம்பிப் போகாதீர்கள்.

வேறு ஓடையில் நனைந்த பூட்ஸை அப்படியே போட்டுக்கொண்டு இங்கே இறங்கவும் கூடாது. சேறு போகக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்துக்கொண்டு வாருங்கள். இப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருக்கும் ஓடைக்கு வெளியூர் நோயைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டாம்.

தண்ணீர் கறுப்பாகவோ, சாக்லேட் நிறத்திலோ வருகிறது

மீன்பிடியை மறந்துவிடுங்கள். முதல் கேள்வி, நீங்கள் நிற்கும் இடம் பத்திரமா என்பது.

பைன் ஊசிகளும் சருகும் எரியும்போது அவற்றிலிருந்த மெழுகுத்தன்மை ஆவியாகி மண்ணுக்குள் இறங்கி, சில சென்டிமீட்டர் ஆழத்தில் குளிர்ந்து படிந்துவிடுகிறது. எண்ணெய் தடவிய தட்டில் தண்ணீர் ஊற்றியது போல, மழை உள்ளே இறங்காமல் மேலேயே வழுக்கி ஓடும். பசுங்காடாக இருந்தபோது ஓடை கண்டுகொள்ளாத மழை இப்போது அரை மணி நேரம் பெய்தாலே போதும், சாம்பலும் கரிக்கட்டையும் பாறையுமாகக் கூழ் போல இறங்கிவிடும். எரிந்த முதல் இரண்டு மூன்று வருஷம் இந்த ஆபத்து மிக அதிகம். பிறகு குறையும், ஆனால் முழுசாகப் போக நாளாகும்.

கிலாவில் ஜூலை தொடங்கி செப்டம்பர் வரை மழைக்காலம். காலையில் வானம் கழுவிவிட்டது போல இருக்கும், மதியம் இடி விழும். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பத்து கிலோமீட்டர் தள்ளி முகட்டில் மழை கொட்டலாம். அது தெரியாமல் மடுவில் முழங்கால் தண்ணீரில் நிற்பவர்களை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

வெள்ளம் வருவதற்கு முன் ஓடை சில அடையாளங்கள் காட்டும். தெளிந்து ஓடிய தண்ணீரில் திடீரென்று பைன் ஊசியும் கரித்துணுக்கும் மிதந்துவரும். ஈரச் சாம்பல் வாசம் வரும், தீபாவளி மறுநாள் மழையில் நனைந்த தெருவில் வருமே, அதுபோல. சலசலப்புச் சத்தம் கனத்துப் போகும், தூரத்தில் ரயில் வருவது மாதிரி. இதில் ஒன்று தென்பட்டாலும் லைனைச் சுருட்டிக்கொண்டு நிற்காதீர்கள். ஓடையோடு கீழே ஓடாதீர்கள், அது உங்களைவிட வேகமாக வரும். பக்கவாட்டில் சரிவு ஏறுங்கள். ராடு (தூண்டில் கோல்) போனால் போகட்டும்.

இந்த உச்சி ஓடைகள் பலவற்றில் நீர்மட்டக் கருவி கிடையாது. ஆனால் கீழே கிளிஃப் ஊருக்கு அருகில் மொகொயோன் ஓடையிலும், கிலா ஆற்றிலும் அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையின் கருவிகள் இருக்கின்றன. கிளம்பும் முன் அவை காட்டும் நீரளவுக் கோட்டுப் படத்தைப் பாருங்கள். முந்தின நாள் கோடு ஊசி போல எழுந்து விழுந்திருந்தால் மலையில் எங்கோ சாம்பல் இறங்கியிருக்கிறது. உள்ளே போனபின் செல்போனில் சிக்னல் இருக்காது, அதனால் இதை ஊரிலேயே முடித்துவிட வேண்டும்.

சரி, வெள்ளம் இல்லை, பழைய கலங்கல்தான் என்று உறுதியானால்? முழங்கால் ஆழத்தில் உங்கள் பூட்ஸ் நுனி தெரிகிறதா என்று பாருங்கள். மங்கலாகத் தெரிந்தால் பிடிக்கலாம். கறுப்பு நிறத்தில் நல்ல கனமான நிம்ஃப் (தண்ணீருக்கடியில் வாழும் இளம் பூச்சி போலக் கட்டிய, மூழ்கும் ஃப்ளை) போட்டு, கரையை ஒட்டி, மெதுவாக விடுங்கள். கலங்கலில் மீன் கரையோரம் ஒதுங்கும், கண்ணைவிட உடம்பில் உணரும் அதிர்வை நம்பும். பூட்ஸே தெரியவில்லை என்றால் திரும்பிவிடுங்கள். சாம்பல் கலந்த தண்ணீரில் பிராணவாயு குறையும், நுண்ணிய வண்டல் செவுளை அடைக்கும். ஏற்கெனவே மூச்சுக்குத் திணறும் மீனைத் தூண்டிலில் இழுத்துச் சண்டை போடவைப்பது கொடுமை.

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, மீனே இல்லை

எரிந்த ஓடையில் ஆளை அதிகம் ஏமாற்றுவது இதுதான். தெளிந்த தண்ணீரைப் பார்த்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று மனசு சொல்லும்.

ஒரு கல்லைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் சலசலத்து ஓடும் ஆழமில்லாத இடத்தில், உள்ளங்கை அகலக் கல்லாக ஒன்று. அது எப்படிக் கையில் வருகிறது என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். சேற்றில் பதித்தது போல ஒட்டிக்கொண்டு, உறிஞ்சும் சத்தத்தோடு பெயர்ந்து வந்தால், கற்களுக்கு இடையே இருந்த சந்துகளை வண்டல் அடைத்துவிட்டது. அடிப்பக்கம் மைபோலக் கறுத்து, அழுகிய முட்டை வாசம் அடித்தால் அங்கே காற்று இறங்கவே இல்லை. அந்தக் கல்லில் பூச்சி இருக்காது, பூச்சி இல்லாத இடத்தில் ட்ரவுட் தங்காது.

கல் லேசாக உருண்டு வந்து, அடியில் ஈரம் மின்ன, மூன்று வால் முடியோடு தட்டையான பூச்சி ஒன்று விரல் நுனிக்கு ஓடி வந்தால் சந்தோஷப்படுங்கள். மேஃப்ளை என்ற ஓடைப் பூச்சியின் இளம் பருவம், நிம்ஃப் அது. சின்னச் சின்ன மணலை ஒட்டிக் கட்டிய குழல் கூடு இருந்தால் கேடிஸ். இரண்டு வாலோடு, மெதுவாக ஊரும் பெரிய ஸ்டோன்ஃப்ளை கிடைத்தால் இன்னும் நல்லது. அது வளர்ந்து முடிய ஒரு வருஷத்துக்கு மேல்கூட ஆகும், அத்தனை நாளும் தண்ணீர் நன்றாக இருந்திருக்கிறது என்று அர்த்தம். நெருப்புக்குப் பிறகு முதலில் திரும்புவது வருஷத்துக்குப் பல தலைமுறை பெருகும் சின்ன ஜாதிகள்தான்: மிட்ஜ், கருப்பு ஈ, பேட்டிஸ் வகை மேஃப்ளை. நிதானமாக வளர்பவை நிதானமாகத்தான் வரும்.

கல்லில் பூச்சி இருந்தும் மீன் இல்லையென்றால், மீன் இன்னும் இந்த இடத்துக்கு வந்துசேரவில்லை, அல்லது தங்குவதற்கு ஆழம் இல்லை. வெள்ளம் கொண்டுவந்த சரளை பழைய மடுக்களை மூடி, ஓடையை அகலமாக, தட்டையாக ஆக்கியிருக்கும். கணுக்கால் ஆழத்தில் நூறு அடி அகலம் ஓடுகிற இடத்தில் நேரத்தைச் செலவிட வேண்டாம். நடங்கள். பாறையிலிருந்து தண்ணீர் விழுந்து தானே குடைந்துகொள்ளும் மடுவை வண்டல் அவ்வளவு சுலபத்தில் மூடாது. எரிந்து விழுந்த பெரிய மரம் ஓடையின் குறுக்கே கிடந்தால் அதன் அடியில் தண்ணீர் புதிதாகக் குடைந்திருக்கும். காட்டை எரித்த நெருப்பே மீனுக்கு வீடு கட்டிக் கொடுக்கிற இடம் அது, நான் முதலில் தேடுவதும் அதைத்தான். அடுத்து, கிளை ஓடை வந்து சேரும் முனை. கிளை ஓடைகளில் ஏதாவது ஒன்று நெருப்பு தீண்டாத சரிவிலிருந்து வரும். மீன் தப்பிப் பிழைத்தது அங்கேயாக இருக்கும், திரும்பிப் பரவுவதும் அங்கிருந்துதான்.

ஒன்று கவனியுங்கள். உயரமான பாறை அருவி ஒன்றைத் தாண்டிவிட்டால் கீழிருந்து மீன் ஏற முடியாது. கீழே மீன் இருக்கிறது, மேலே இல்லை என்றால் பெரும்பாலும் காரணம் அதுதான். உங்கள் கையில் குறை இல்லை. பிடித்த மீனை நீங்களே தூக்கிக்கொண்டு போய் மேலே விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். சட்டப்படி குற்றம் என்பதோடு, எந்த ஓடையில் எந்த வம்சத்து கிலா ட்ரவுட் என்று வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்துப் பிரித்து வைத்திருப்பவர்களின் உழைப்பும் அதோடு போய்விடும்.

காலையில் கடித்தது, பதினொரு மணிக்கு மேல் கடியே இல்லை

வெப்பமானி வைத்திருக்கிறீர்களா? நூலில் கட்டி, நிழலில், ஓடும் தண்ணீரில் இரண்டு நிமிஷம் விடுங்கள்.

ஓடைக்கு மேல் கூரையாக நின்ற மரங்கள் எரிந்துவிட்டன. முன்பு இலை வழியே வடிந்து வந்த வெயில் இப்போது நேராகக் கல்லில் இறங்குகிறது. கல் சுட்டால் தண்ணீர் சுடும். 18 டிகிரி செல்சியஸ் தாண்டியதும் எனக்குள் எச்சரிக்கை மணி அடிக்கும். 20 ஆனதும் லைனைச் சுருட்டிவிடுவேன். சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவு, ஆனால் மீனுக்குத் தேவைப்படுவதோ அதிகம். கடிக்கவில்லை என்பது அந்த நேரத்தில் மீன் எடுத்த சரியான முடிவு. நீங்கள் வம்படியாக நின்று ஒன்றைக் கடிக்கவைத்தால், அது நீந்திப் போவது போலப் போய், கண்ணுக்கு மறைந்த இடத்தில் செத்துக் கிடக்கும்.

ஓடைத் தண்ணீர் மிகக் குளிர்ந்திருப்பது விடியும் நேரத்தில், மிகச் சூடாவது பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்துக்குள். ஆகவே கோடையில் விடியும்போதே முதல் மடுவில் இருங்கள், அதற்காக முந்தின இரவே உள்ளே நடந்துபோய்க் கூடாரம் போட வேண்டியிருக்கும். பகலில் ஊற்று கசியும் இடத்தைக் கையால் தடவித் தேடுங்கள். கரைப் பாறை இடுக்கில் பாசி பச்சென்று இருந்து, கை வைத்தால் சில்லென்றிருந்தால் மீன்கள் அங்கே நெருக்கியடித்துக் கிடக்கும். அதைப் பார்க்கலாம், ரசிக்கலாம். தூண்டில் போடாதீர்கள், ஒதுங்க அவற்றுக்கு வேறு இடம் இல்லை.

மீன் தெரிகிறது, கிட்டப் போனால் ஓடிவிடுகிறது

இதுவும் நிழல் போன கதைதான். அடர்ந்த காட்டில் நாம் மரத்தோடு மரமாக நிற்கலாம். எரிந்த சரிவில் வெளிச்சம் முழுக்க நமக்குப் பின்னால், நம் உருவம் வானத்தில் வரைந்த கோடு மாதிரி மீனுக்குத் தெரியும். மீன் எதிரோட்டம் பார்த்து நிற்கும் என்பதால் கீழிருந்து மேலே ஏறுங்கள். மடுவின் வாலுக்கு, அதாவது தண்ணீர் வெளியேறும் கீழ்முனைக்கு, இருபது அடி முன்பே மண்டி போடுங்கள். முழங்கால் வலித்தாலும் பரவாயில்லை. உங்கள் நிழல் எங்கே விழுகிறது என்று வீசும் முன் பாருங்கள், ராடின் நிழலையும் சேர்த்து. வெள்ளைத் தொப்பி, பளபளக்கும் கைக்கடிகாரம் வேண்டாம். நான் போடுவது சாம்பல் நிறச் சட்டை, எரிந்த காட்டுக்கு அதுவே பொருந்துகிறது.

ஒரு மடுவில் ஒரு மீன் சிதறி ஓடினால் மற்றவையும் ஓடிவிடும். அங்கேயே நின்று கெஞ்சாமல் அடுத்த மடுவுக்குப் போங்கள். திரும்பும் வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கே வீசினாலும் லைன் மாட்டிக்கொள்கிறது

மேலே பட்ட மரம், கீழே விழுந்த மரம், இரண்டுக்கும் நடுவே முளைத்துவரும் புது வளர்ச்சி. நெருப்புக்குப் பிறகு ஆஸ்பென் வேரிலிருந்து குச்சி குச்சியாகக் கிளம்பும், கேம்பெல் ஓக் புதராக மண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக நியூ மெக்சிகோ லோகஸ்ட். அழகான இளஞ்சிவப்புப் பூ, ஆனால் கணுவுக்குக் கணு இரட்டை முள். நம்மூர்க் கருவேலம் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். லைன் அதில் விழுந்தால் இழுக்காதீர்கள், போய்க் கையால் எடுங்கள். இழுத்தால் லீடர் (லைன் நுனியில் ஃப்ளையைக் கட்டும் மெல்லிய இழை) அறுந்து ஃப்ளை முள்ளிலேயே தங்கும், அப்புறம் அது ஏதாவது பறவையின் காலில் சுற்றும்.

தலைக்கு மேல் சுழற்றி வீசுவதை இங்கே மறந்துவிடுங்கள். ஏழரை அடி நீளத்தில் 3-ஆம் எண் ராடு போதும், இதற்கு மேல் நீளம் தொந்தரவு. இரண்டு வீச்சு தெரிந்தால் நாள் முழுக்க ஓட்டலாம். ஒன்று, லைனைத் தண்ணீர் மேலிருந்தே முன்னால் உருட்டிவிடும், பின்னால் இடமே தேவைப்படாத ரோல் காஸ்ட். இன்னொன்று, வில் வீச்சு. ஃப்ளையின் வளைவை, முனை விரலில் படாதபடி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துக்கொள்ளுங்கள். ராடு நுனியை மடுவை நோக்கி நீட்டி, லைனை இன்னொரு கையால் அழுத்திப் பிடித்து, ஃப்ளையைப் பின்னுக்கு இழுங்கள். ராடு வில்லாக வளையும். குறி பார்த்து விட்டால், ஒரு சாண் அகலச் சந்துக்குள்கூடப் போய் உட்காரும். புறக்கடையில் ஒரு வாளியைக் கவிழ்த்துவைத்து நூறு முறை பழகிவிட்டு மலைக்கு வாருங்கள்.

மேலே மாட்டியதை எடுக்க நிமிரும்போது பட்ட மரத்தையும் பாருங்கள். வேர் எரிந்து, பட்டை கழன்று நிற்கும் மரம் காற்று இல்லாத நாளிலும் சத்தமில்லாமல் சாயும். நெருப்பு அணைந்து பத்து வருஷம் ஆனபின்னும் இது நடக்கும். காற்று எழுந்தால் எரிந்த மரங்களுக்கு அடியில் நிற்காதீர்கள், கூடாரத்தை அவற்றின் உயரத்துக்கு மேல் தள்ளிப் போடுங்கள்.

மேலே வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது

இப்போதுதான் லைனும் ஃப்ளையும். அதிலும் லைன் முதலில். ஃப்ளை தண்ணீரோடு தண்ணீராக மிதக்கிறதா, அல்லது பின்னால் வால் மாதிரி கோடு கிழித்துக்கொண்டு போகிறதா? இழுபட்டுப் போகும் பூச்சி எதையும் மீன் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. ராடை உயர்த்தி, லைன் முழுவதையும் தண்ணீரிலிருந்து தூக்கிப் பிடித்து, லீடர் மட்டும் படும்படி விடுங்கள். சின்ன ஓடையில் பத்தில் எட்டு முறை இதோடு சரியாகிவிடும்.

அப்புறமும் மறுத்தால் ஃப்ளையைச் சின்னதாக்குங்கள், நிறத்தைக் கறுப்பாக்குங்கள். 14-ஆம் எண் பாரஷூட் ஆடம்ஸ் என்ற மிதக்கும் ஃப்ளையை மறுத்த மீன் 18-ஆம் எண்ணை எடுக்கும், எண் கூடக் கூட ஃப்ளை சின்னது. ஜூலையிலிருந்து எரிந்த சரிவுகளில் புல் முழங்கால் உயரம் நிற்கும், அதில் வெட்டுக்கிளியும் எறும்பும் வண்டும் பெருகிக் கிடக்கும். காற்று அடித்தால் எல்லாம் ஓடையில்தான் விழும். அந்த மாதங்களில் நுரைப்பஞ்சில் கட்டிய கறுப்பு வண்டு, 14-ஆம் எண், கரையை ஒட்டி ‘பொட்’டென்று விழட்டும். நான் வேறு எதையும் தேடுவதில்லை.

நிம்ஃப் போட்டால் ஒவ்வொரு முறையும் பச்சைப் பாசி கோத்துக்கொண்டு வருகிறதா? வெயிலும் சாம்பலின் உரமும் சேர்ந்து செய்த வேலை. அடியைத் தொடாத மாதிரி நூலைக் குட்டையாக்குங்கள், இல்லையென்றால் மிதக்கும் ஃப்ளைக்கு மாறுங்கள்.

கடித்துவிட்டு நழுவினால் பெரும்பாலும் அவசரம்தான் காரணம், அல்லது மழுங்கிய முனை. முள்ளை நகத்தின் மேல் லேசாக வைத்து இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் தீட்டுங்கள், கீறினால் சரி. முள்ளில் பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கியதால் மீன் போகிறது என்று சிலர் குறைப்படுவார்கள். நூலைத் தொய்யவிடாமல் வைத்திருந்தால் போகாது. இந்த ஓடைகளில் பலவற்றில் எதிர்முள் இல்லாத ஒற்றை முள் என்பது விதியும்கூட.

பிடித்தது கிலா ட்ரவுட்டா என்று தெரியவில்லை

தண்ணீரிலேயே வைத்துப் பாருங்கள். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்த நிறம். பக்கவாட்டுக் கோட்டுக்கு மேலே மிளகுத்தூள் தூவியது போல நுண்ணிய கரும்புள்ளிகள், வயிற்றை நோக்கி வர வர இல்லை. தாடைக்கு அடியில் மங்கலான மஞ்சள் கீற்று. முதுகு, வயிற்றுத் துடுப்புகளின் நுனி வெண்மஞ்சள். பெரிய புள்ளிகளும் உடல் முழுக்கத் தெறித்த புள்ளிகளும் பளிச்சென்ற இளஞ்சிவப்புப் பட்டையும் இருந்தால் ரெயின்போ ட்ரவுட் என்ற வேறு இனம், அல்லது இரண்டும் கலந்தது. கலப்பு என்று சந்தேகம் வந்தால் தெளிவாக ஒரு படம் எடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்து மாநில மீன்வளத் துறைக்கு அனுப்புங்கள். அவர்களுக்கு அது பெரிய உதவி.

நீலகிரியில் ட்ரவுட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். அவலாஞ்சியில் வெள்ளைக்காரர்கள் குஞ்சு பொரித்து ஓடைகளில் விட்டு, இன்றும் நாம் பெருமையாகச் சொல்லும் மீன் இந்த ரெயின்போதான். இங்கே அதே மீனைக் கொண்டுவந்து விட்டதால்தான் கிலா ட்ரவுட் கலந்து கரைந்துபோகும் நிலைக்கு வந்தது. 1950-ல்தான் அதைத் தனி இனம் என்று அறிவியல் எழுதிவைத்தது. அழிந்துவரும் இனமென்று காப்பாற்றி, 2006-ல் ஒரு படி இறக்கி, ஆபத்திலிருக்கும் இனம் என்று மாற்றிய பிறகுதான் தூண்டில் போடவே அனுமதி வந்தது. நெருப்பும் வெள்ளமும் சில ஓடைகளில் ரெயின்போவையும் பிரவுன் ட்ரவுட்டையும் துடைத்துவிட, அந்தக் காலி இடத்தில் கிலாவைத் திரும்பக் குடியேற்ற முடிந்தது. நெருப்பை நான் வெறுமனே சபிக்காமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

விட்டதும் மல்லாந்து மிதக்கிறது

பதறி முன்னும் பின்னும் ஆட்டாதீர்கள், செவுளுக்குள் தண்ணீர் தலைகீழாகப் போகும். நனைந்த கையால் வால் அடியை லேசாகப் பிடித்து, இன்னொரு கையை வயிற்றுக்கு அடியில் கொடுத்து, மெல்லிய ஓட்டத்தில் தலை மேல்பக்கம் பார்க்க நிறுத்துங்கள். செவுள் மூடி திறக்கிறதா பாருங்கள். முதலில் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருக்கும், பிறகு சீராகும். ஏழெட்டு அங்குல மீன், உங்கள் உள்ளங்கையில் அதன் எடைகூடத் தெரியாது. ஐந்து நிமிஷம் ஆனாலும் நில்லுங்கள். அது தானாக வாலை அசைத்து விரலிலிருந்து விடுபட வேண்டும், நீங்கள் தள்ளிவிடக் கூடாது.

அன்றைக்கு இரண்டாவது மீனும் இப்படித் தடுமாறினால் வெப்பமானியைத் திரும்ப இறக்குங்கள். 20-க்குக் கீழேதான் என்றால் நீங்கள் அதிக நேரம் சண்டை போட்டிருக்கிறீர்கள். டிப்பெட்டை, அதாவது லீடரின் கடைசித் துண்டைத் தடிமனாக்கி, 5எக்ஸ் எண் இழை போட்டு, சீக்கிரம் கரைக்குக் கொண்டுவாருங்கள். படம் எடுக்க வேண்டுமென்றால் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு, உங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு மீனைத் தூக்குங்கள். உங்களுக்கு மூச்சு முட்டும்போது அதற்கும் முட்டுகிறது.

சரளைக்கல்லில் வெளுத்த வட்டம்

ஏப்ரல், மே மாதங்களில், மடுவின் வால்பகுதியில், கறுத்த கற்களுக்கு நடுவே தட்டு அகலத்துக்குத் துடைத்துவைத்தது போல வெளிர் வட்டம் தெரிந்தால், பெண் மீன் வாலால் பறித்து முட்டை புதைத்த இடம் அது. சாம்பல் படியாத சரளை இந்த ஓடைகளில் எவ்வளவு குறைவு என்பதைக் கல்லைத் தூக்கிப் பார்த்தபோதே பார்த்திருப்பீர்கள். அந்த மடுவில் தூண்டில் வேண்டாம். தண்ணீரிலிருந்து வெளியே வந்து, கரை ஏறி, சுற்றிப் போங்கள்.